நானூற்றுப் பத்து கிலோ மாமியார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், அவருடைய இடது முழங்காலைத் தவிர. கடலுக்கு நடுவில் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எப்போதும் என் நினைப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் நானும் நலம் என்று ஒரு வரி வருவதுதான் வழக்கம், இந்தத் தடவை அதை விட்டுவிட்டேன். உனக்குத் தெரிந்த விஷயத்தை மாற்றி எழுதுவானேன். படுத்துக்கொண்டே அட்டையை வயிற்றில் சாய்த்து எழுதுகிறேன், எழுத்து ஏறியும் இறங்கியும் போகும், அம்மா குடித்துவிட்டு எழுதியிருக்கிறாள் என்று உன்னோடு வேலை செய்கிறவர்களிடம் சொல்லி வைக்காதே. போனில் பேசலாமே என்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார், நீயோ எடுத்த எடுப்பில் அழுகிறாய், அப்புறம் எந்தப் பேச்சும் உருப்படுவதில்லை. இப்போது அவர் வண்டிக் கடைக்குப் போயிருக்கிறார், வர இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்குள் முடித்து உறையை ஒட்டி சித்தியிடம் கொடுத்துவிட்டால் அவள் உன் கம்பெனி ஏஜெண்டிடம் சேர்த்துவிடுவாள், அடுத்த துறைமுகத்தில் உன் கைக்கு வந்துவிடும். சித்தப்பா மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, மூக்கு அப்படியே நம் வீட்டு மூக்கு, பாவம். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் பழுது பார்த்த மனுஷனுக்கு வீட்டுக் குழாய் கண்ணில் படுவதில்லை. நீ பாதியில் இறங்கி வரக் கம்பெனியில் கேட்டிருப்பதாகச் சொன்னாய். மாற்று ஆள் கிடைத்தால் பார்க்கலாம் என்று அவர்கள் சொன்னதை நீ சொன்ன விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அதை நம்பி நாளை எண்ணிக்கொண்டு உட்காராதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அப்பா வண்டி பார்க்கிறார் என்று அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னேன், ஏதோ ஸ்கூட்டர் என்று நினைத்திருப்பாய். ஸ்கூட்டர் இல்லை அம்மாடி. இரண்டு பக்கமும் மூடி போட்ட பெட்டி, முன்னால் காற்றை மறிக்க அலமாரிக் கதவு அகலத்துக்கு ஒரு முகப்பு, நாள்கணக்கில் ஓட்டிக்கொண்டே போவதற்கென்று செய்த மோட்டார் சைக்கிள். பேகர் என்று சொல்கிறார்கள். அறுபத்து நாலு வயதில் இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்து, கட்டி முதுகெலும்பு வரைக்கும் பரவிடுச்சு, இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, வலிக்கு மட்டும் பாப்போம், ஆறு மாசம்னு வச்சுக்குங்க என்று சொன்ன நாளில் வந்தது. அன்று அப்பாவோடு லிஃப்டில் கீழே இறங்கினேன். இரண்டாவது மாடி வந்ததும், கதவு ரப்பர் தேஞ்சு போயிருக்கு, ஒருத்தனும் பாக்கறதில்ல என்றார். பெண்டாட்டியைப் பற்றி ஒரு சொல் இல்லை, ரப்பரைப் பற்றி இருக்கிறதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் காலையில் வாயில் பிரஷை வைத்துக்கொண்டே, பொண்ணோட கப்பல் எட்டு மாசத்துல வந்துடும்ல, நாம துறைமுகத்துக்கே போய் நின்னுடுவோம் என்றார். டாக்டர் சொன்னது ஆறு, நீங்கள் சொல்வது எட்டு என்றேன். அதற்கு அவர் சொன்ன பதிலைக் கேள். லிஃப்ட்ல ஆறு பேருன்னு எழுதி வைப்போம், எட்டுப் பேரு ஏறினாலும் தூக்கும், எழுதறவன் எப்பவும் கொஞ்சம் குறைச்சுத்தான் எழுதுவான் என்றார். முப்பத்தைந்து வருஷம் லிஃப்டுக்கு மேலேயும் கீழேயும் தலையைக் கொடுத்தவரிடம் இதற்கு மேல் என்ன பேசுவது.

துறைமுகத்துக்கு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். காரில் படுக்க வைத்துக் கூட்டிப் போகலாமே என்று சித்தி கேட்டாள். உனக்குத் தெரியாததா, ஊருக்கெல்லாம் கார் சீட் தைத்துக் கொடுத்தவளுக்குக் காரில் ஏறிக் கதவைச் சாத்தினால் குமட்டிக்கொண்டு வரும். உன் பள்ளிக்கூட விழாவுக்கு சித்தப்பா காரில் வந்து வாசலிலேயே வாந்தி எடுத்தேன், நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. ரயில், பஸ் எல்லாம் அதே கதைதான். முகத்தில் காற்று அடித்தால்தான் எனக்குப் பயணம். முப்பத்தொரு வருஷமாக எல்லா இடத்துக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தே போயிருக்கிறேன். இப்போது என் முதுகு தானாக நிற்காது, சாய்ந்துகொள்ள ஒன்று வேண்டும், பெட்டியில் மருந்து வைக்க இடம் வேண்டும், அதனால் பேகர்தான் வழி என்று அவரே கேள்வி கேட்டு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். முடவன் கொம்புத் தேனுக்கு ஆசைப்பட்ட மாதிரிதான். போகப் போவதில்லை என்று எனக்கு முதல் நாளே தெரியும். இருந்தாலும் சரி என்று தலையை ஆட்டினேன்.

பைபாஸ் சாலையில் எதிரெதிராக இரண்டு கடை. ஒரு கடையில் பெரிய வண்டி, பின்னால் முதுகு சாய மெத்தை, இரண்டு பக்கமும் கை வைக்கத் திண்டு, உட்கார்ந்தால் சோபாதான். நானூற்றுப் பத்து கிலோ. அதற்கு நான் மாமியார் என்று பெயர் வைத்தேன், அகலத்துக்கும் ஆகிருதிக்கும் பொருந்தியது. எதிர்க்கடையில் இருப்பது மருமகள். எழுபது கிலோ குறைவு, ஒல்லி, பின் சீட் என்று ஒரு சாண் அகலத்துக்கு ஏதோ வைத்திருக்கிறார்கள், ஒரு பையை வைக்கலாம், ஆள் உட்கார முடியாது. ஒரு பெண்மணி உட்கார்ந்து போகத்தான் அது என்று கண்ணாடி போட்ட விற்பனையாளர் சாதித்தார், எந்தப் பெண்மணியோ. அப்பா பழைய லிஃப்ட் பரிசோதனைத் தாள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுத ஆரம்பித்தார். மாமியாருக்கு முகப்பு சட்டத்தோடு சேர்த்து முடுக்கியிருக்கிறது, பக்கத்திலிருந்து காற்று அடித்தால் கை இழுக்காது. மருமகளுக்கு ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்புகிறது, லாரி தாண்டும்போது உதறும். மாமியாரில் எஞ்சின் சூடு வலது தொடையில் அடிக்கிறது. மாமியாருக்குப் பின்னால் போக ரிவர்ஸ் இருக்கிறது, மருமகளுக்குக் காலால் உந்த வேண்டும். வீட்டிலிருந்து என் மருந்துப் பையையும் இடுப்புத் தலையணையையும் எடுத்துப் போய் இரண்டு வண்டிப் பெட்டியிலும் வைத்து மூடிப் பார்த்தார். நீ வயிற்றில் இருக்கும்போது பார்க்க ஆரம்பித்த ஃப்ரிட்ஜை நீ நடக்க ஆரம்பித்த பிறகு வாங்கிய ஆள் அவர், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் ஜன்னலைத் திறந்துவிட்ட டாக்சியில், கையில் பிளாஸ்டிக் பையோடு போவோம். கடைக்காரர்கள் எங்களுக்கு நாற்காலி போட்டே வைத்திருந்தார்கள். சீட் பார்ப்பது என் வேலை. முழங்கையால் அழுத்துவேன், தையலை நகத்தால் கீறிப் பார்ப்பேன், ஏறி உட்காருவேன். மாமியாரின் பின் சீட்டைப் பற்றி உனக்கு மட்டும் சொல்கிறேன், என் ஆயுசில் அப்படி ஒரு சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. ஃபோமை இரண்டு அடுக்காக வெட்டி நடுவில் எலும்புக்கு இடம் விட்டுத் தைத்திருந்தார்கள். அதில் உட்கார்ந்த கால் மணி நேரம் எனக்கு வலி இல்லை.

அப்புறம்தான் வினை வந்தது. போன மாதம் ஒருநாள், பக்கவாட்டு ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற மாமியாரை நிமிர்த்திப் பார்க்கிறேன் என்று அப்பா ஏறினார். நிமிர்ந்தது, நிற்காமல் மறுபக்கம் சாய ஆரம்பித்தது. அவருடைய முழங்கால் மடங்கியதை நான் நாற்காலியிலிருந்து பார்த்தேன். கடை மெக்கானிக் பாய்ந்து வந்து தாங்காவிட்டால் கால் அடியில் போயிருக்கும். தரையில எண்ணெய் இருக்கு என்று அப்பா சொன்னார், தரை பளிங்கு மாதிரி சுத்தம். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு. நான் போன பிறகு அந்த நானூற்றுப் பத்து கிலோவோடு இந்த மனுஷன் தனியாக நடுரோட்டில் கிடந்தால் யார் தூக்குவார்கள். மருமகள் என்றால் சமாளிப்பார், தனியாக எங்காவது போவார் வருவார், வீட்டுக்குள் அடைந்து கிடக்க மாட்டார். அவருக்கு மருமகள்தான் சரி. ஆனால் வண்டியைப் பற்றி நான் சொன்னால் எடுபடாது, சீட்டைப் பற்றிச் சொன்னால் வேதவாக்கு. அதனால் தொழிலில் ஒருநாளும் செய்யாததைச் செய்தேன். அந்தப் பெரிய வண்டி சீட் சரியில்லை, முதுகுத் தண்டின் அடியில் குத்துகிறது, என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். அதோடு அதை விட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விடுவார் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருஷம் கூடக் குடும்பம் நடத்தியும் இந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொண்டது அவ்வளவுதான். பழுது என்று ஒன்றைச் சொன்னால் அதை விட்டுவிட்டுப் போகிற ஆளா அவர்? எந்த இடத்துல குத்துது, இங்கயா, இன்னும் கீழயா என்று சாக்பீஸால் என் பாவாடைக்கு மேல் குறி போட்டார். மறுநாள் கடைக்காரரிடம் பேசி, சீட்டுக்கு மட்டும் தனியாகப் பணம் கட்டி, காட்சிக்கு வைத்திருந்த வண்டியின் பின் சீட்டைக் கழற்றி, துணியில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

என் ரெக்சின் தைக்கிற மெஷின் முன்னறையில் போர்வை மூடிக் கிடந்தது உனக்குத் தெரியும். அதைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். அந்த அருமையான சீட்டைப் பிரித்தார், ஒவ்வொரு பின்னாகப் பிடுங்கினார், எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஃபோமை ரொட்டி வெட்டும் கத்தியால் வெட்டினார். நான் கட்டிலில் இருந்து, அது நாப்பது டென்சிட்டி, இழுத்து வெட்டாதீங்க, நனைச்சு வெட்டுங்க என்று கத்துவேன். பதினோரு ஊசி உடைந்தது. பாபினில் நூல் சிக்கினால் மெஷினைத் திட்டாமல் என்னைப் பார்ப்பார். மூன்று வாரம் இதே வேலை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், என் புளுகு இருபது நாளைத் தாண்டியும் செத்த பாடில்லை. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் நல்ல சீட்டைக் கெடுத்துவிட்டோமே என்று இடிந்து போவார். சொல்லாவிட்டால் வெட்டிக்கொண்டே இருப்பார். எதைச் செய்தாலும் கெடுதல்தான் என்று ஆன பிறகு பேசாமல் இருந்துவிட்டேன். ஒருநாள் அவர் டீ போடப் போனபோது அவர் வண்டிக் கணக்கு எழுதும் அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். பின்னால் உட்காருகிறவர் எடைக்குத் தகுந்த மாதிரி பின் ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டுமாம், அதற்காக வாரா வாரம் என்னை எடை மிஷினில் நிற்க வைப்பார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக நான் ஐம்பத்தெட்டிலிருந்து நாற்பத்து மூன்றுக்கு வந்திருக்கிறேன், அவரே குனிந்து முள்ளைப் பார்த்தார். தாளில் எல்லா வாரத்துக்கும் ஐம்பத்தெட்டு என்றுதான் எழுதியிருக்கிறார். லிஃப்டுக்குள் மாட்டும் எடைப் பலகையில் அரை கிலோ கூட மாற்றி எழுதத் தெரியாத ஆள். தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அன்று முழுக்க அவரிடம் நான் எரிந்து விழவில்லை, உடம்புக்கு என்னமோ என்று பயந்துவிட்டார்.

சீட் முடிந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பதை நீ கேட்டிருப்பாய், நான் பார்த்தேன். இடது பக்கம் ஒரு மேடு, வலது பக்கம் பள்ளம், தையல் புழு ஊர்ந்த தடம். சமையலறை ஸ்டூல் மேல் வைத்து என்னை உட்கார வைத்தார். மேடு சரியாக என் வலி இருக்கிற இடத்தில் இடித்தது. எப்படி இருக்கு என்று கேட்டார், கையில் நூல் சுற்றி வெட்டிய காயம். நல்லா இருக்கு, குத்தலையே என்றேன். நல்ல சீட்டைக் கெட்டது என்றும் கெட்ட சீட்டை நல்லது என்றும் சொன்ன தையல்காரி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வாரம் அதை மாட்டிப் பார்க்கக் கடைக்குப் போனோம். சீட்டை மாட்டினார்கள், அப்பா முன்னால் ஏறி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு எஞ்சினைப் போட்டார், ஏறு என்றார். அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். கால் வரவில்லை. மெக்கானிக் ஒரு மரப்படியைக் கொண்டுவந்து போட்டார். படியில் ஏறினேன், அங்கிருந்தும் கால் வரவில்லை. நான் தூக்கச் சொல்கிறேன், அது கேட்கவில்லை, வேறு யாருடைய காலோ மாதிரி நிற்கிறது. நாங்க தூக்கி வைக்கட்டுமாம்மா என்று மெக்கானிக் கேட்டார், வேண்டாம் என்றேன், தூக்கினால் எனக்கு எங்கே என்ன உடையும் என்று எனக்குத்தான் தெரியும். அப்பா திரும்பவே இல்லை. நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு, நான் ஏறிவிடுவேன் என்று உட்கார்ந்திருந்தார். அவர் தோள் நடுங்கியது, வண்டி நடுக்கமா அவர் நடுக்கமா என்று தெரியவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு எஞ்சினை நிறுத்தினார். இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, இன்னொரு நாள் பாப்போம் என்றார். மேகம் மூடியிருந்தது. டாக்சியில் நான் பையில் வாந்தி எடுத்தேன், அவர் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு உள்ளே எல்லாம் அறுந்து போயிற்று கண்ணு. தெரிந்ததுதான், ஆனால் தெரிந்ததற்கும் கால் வராததற்கும் வித்தியாசம் இருக்கிறது.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார், திரும்பி வந்து, கையெழுத்துப் போட்டுட்டேன் என்றார். மருமகளா என்று ஆசையோடு கேட்டேன். பெரியதாம். எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து நிற்க முடிந்திருந்தால் அடித்திருப்பேன். நாலு மாதம் ஒப்பிட்டுப் பார்த்து இதைத்தானா எடுத்தீர்கள், உங்கள் கால் தாங்காதே, அந்தச் சின்ன வண்டிக்கு என்ன கேடு, நாளைக்கு ஒத்தையாக எப்படி ஓட்டுவீர்கள் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நாளைக்கு ஒத்தையாக என்ற சொல்லை எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொன்னதில்லை. அவர் என் காலடியில் உட்கார்ந்து போர்வையைச் சரி செய்தார். உன் சீட் அதுலதான மாட்டும் என்றார். அந்தப் பொய்யை நான் சொல்லாமல் இருந்திருந்தால் சீட் தைத்திருக்க மாட்டார், கால் வராத அன்றைக்கே மனசு விட்டுப் போய் மருமகளை எடுத்திருப்பார், இல்லை ஒன்றும் எடுக்காமல் இருந்திருப்பார். அவர் தலையில் மாமியாரைக் கட்டிவைத்தது நான்தான். இன்று அதற்கு நம்பர் பலகை மாட்டுகிறார்களாம், பக்கத்தில் நின்று பார்க்கப் போயிருக்கிறார்.

அவர் உனக்குப் போன் செய்து வண்டியைப் பற்றி அளப்பார். திட்டாதே, ஏம்ப்பா உங்களுக்கு இந்த வயசில் என்று ஆரம்பிக்காதே, எத்தனை கிலோ, எத்தனை கியர் என்று கேள், சந்தோஷமாகச் சொல்வார். சீட் விஷயத்தை மட்டும் எந்தக் காலத்திலும் அவரிடம் சொல்லிவிடாதே, அது உன்னோடு போகட்டும். நீ எஞ்சின் அறைக்குள் போகும்போது காதில் அடைப்பு வைத்துக்கொள்ள மறக்காதே, இப்போதே போனில் நான் சொல்வது உனக்கு இரண்டாம் தடவைதான் கேட்கிறது. வேலைக்கு இறங்குவதற்கு முன்னால் எதையாவது வயிற்றில் போட்டுக்கொண்டு இறங்கு. அழுகை வந்தால் அழுதுவிடு, ஆனால் பசியோடு அழாதே. எனக்காக எதையும் நேர்ந்துகொள்ளாதே, நடக்காவிட்டால் உனக்குத்தான் வருத்தம். நீ நூறு வயசு இருக்க வேண்டும், உன் கால் உன் பேச்சைக் கேட்டபடி இருக்க வேண்டும், வேறு என்ன சொல்லி வாழ்த்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். கப்பலை விட்டு இறங்கியதும் துறைமுக வாசலில் எங்களைத் தேடிக்கொண்டு நிற்காதே. நான் இருக்க மாட்டேன், நான் பின்னால் ஏறாமல் அவர் அந்த வண்டியைக் கிளப்பிக்கொண்டு வரவும் மாட்டார். நேராக வீட்டுக்கு வந்துவிடு. வாசலில் நின்று வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒன்றும் கேட்காதே, பையைக் கீழே வைத்துவிட்டுப் பின் சீட்டில் ஏறி உட்கார். இடது பக்கம் குத்தும். நன்றாக இருக்கிறது என்று சொல்.

உன் அம்மா